பெட்டி கேட்கிறது, பொத்தான் பதில் சொல்கிறது

(புதுவாயல் பகுதித் தொடக்க, உயர்நிலைப் பள்ளி ஆசிரியர்களுக்கான குறுவள மையக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



தச்சூர், கவரைப்பேட்டை, ஆரணி, பெரியபாளையம், கும்மிடிப்பூண்டி என்று பல பக்கங்களிலிருந்தும் வந்து அமர்ந்திருக்கிறீர்கள். எனக்குத் தரப்பட்ட தலைப்பு 'கைப்பேசிச் செயலியின் உரையாடல் பெட்டியில் பொத்தான் சேர்ப்பது எப்படி?' என்பது. "இது கணினி ஆசிரியர்களுக்கு உரியது, ஒன்றாம் வகுப்பு எடுக்கும் நமக்கு இதில் என்ன இருக்கிறது?" என்று இங்கே சிலர் நினைக்கலாம். ஒன்றாம் வகுப்பு ஆசிரியருக்கும் இதில் வேலை இருக்கிறது. தமிழாசிரியருக்கு இன்னும் கூடுதலாகவே இருக்கிறது. கேட்டுவிட்டு நீங்களே சொல்லுங்கள்.

முதலில் உரையாடல் பெட்டி என்றால் என்னவென்று பார்த்துவிடுவோம். செயலியில் ஏதோ செய்துகொண்டிருக்கிறோம். திடீரென்று திரையின் நடுவே ஒரு சிறு கட்டம் முளைக்கிறது. பின்னால் இருப்பது மங்கிவிடுகிறது. "சேமிக்கவா?", "நீக்கவா?", "அனுமதிக்கிறீர்களா?" என்று ஏதோ ஒன்றைக் கேட்கிறது. பதில் சொல்லாமல் மேற்கொண்டு நகர முடியாது. அதுதான் உரையாடல் பெட்டி. உரையாடல் என்றால் இரண்டு குரல் வேண்டும் அல்லவா? பெட்டியில் உள்ள வாக்கியம் செயலியின் குரல். பொத்தான் நம் குரல். ஆனால் நம் குரலில் என்ன சொல் இருக்க வேண்டும் என்பதையும் செயலியை எழுதியவரே முடிவு செய்துவிடுகிறார். அவர் எழுதி வைத்த பதில்களில் ஒன்றைத்தான் நாம் தொட முடியும். பொத்தான் எழுதுபவருக்கு இருக்கும் பொறுப்பு இங்கிருந்துதான் தொடங்குகிறது.

நம் மாணவர்கள் செய்து பார்க்க ஏற்ற கருவி

பத்தாம் வகுப்பு அறிவியல் பாடநூலில் ஸ்க்ராட்ச் பற்றி ஒரு பாடம் இருக்கிறது. கட்டைகளைப் பொருத்துவது போல் கட்டளைகளைப் பொருத்தி நிரல் எழுதும் முறை அது. அதே முறையில் கைப்பேசிச் செயலியைச் செய்ய உதவுவது ஆப் இன்வென்டர். 2010-இல் கூகுள் நிறுவனத்தில் பிறந்தது. 2012 முதல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகம் நடத்திவருகிறது. கட்டணம் இல்லை. உயர்தொழில்நுட்ப ஆய்வகத்துக் கணினியில் உலாவியைத் திறந்தாலே போதும். கூகுள் கணக்கு இல்லாத மாணவர்கள் ஒரு குறியீட்டைக் கொண்டு நுழைவதற்கும் தனி வழி இருக்கிறது. செய்ததை ஓட்டிப் பார்க்க ஆசிரியரின் கைப்பேசி ஒன்று போதும்.

அதில் 'நோட்டிஃபையர்' என்று ஓர் உறுப்பு உண்டு. 'யூசர் இன்டர்ஃபேஸ்' பகுதியிலிருந்து இழுத்துத் திரைமேல் விட்டால் அது திரையில் தெரியாது. திரைக்குக் கீழே போய் உட்கார்ந்துகொள்ளும். பெட்டிகளைக் காட்டுவது அதன் வேலை. நான்கு வகைகளை மட்டும் சொல்கிறேன்.

முதலாவது, 'ஷோ அலர்ட்'. ஒரு வாக்கியத்தைக் காட்டிவிட்டுச் சில நொடிகளில் தானே மறைந்துவிடும். பொத்தான் கிடையாது. "சேமிக்கப்பட்டது" போன்ற செய்திக்கு இது போதும்.

இரண்டாவது, 'ஷோ மெசேஜ் டயலாக்'. ஒரே ஒரு பொத்தான். படித்துவிட்டேன் என்று தொட்டால்தான் போகும்.

மூன்றாவது, 'ஷோ சூஸ் டயலாக்'. இரண்டு பொத்தான்கள். நாம் இன்று பேசப்போவது பெரும்பாலும் இதைப் பற்றித்தான்.

நான்காவது, 'ஷோ டெக்ஸ்ட் டயலாக்'. பதிலைத் தட்டச்சு செய்வதற்கு ஒரு கட்டம் தரும்.

ஓர் எடுத்துக்காட்டை எடுத்துக்கொள்வோம். எட்டாம் வகுப்பு மாணவர்கள் வகுப்புப் பெயர்ப் பட்டியல் செயலி ஒன்றைச் செய்கிறார்கள். ஒரு பெயரைத் தொட்டு 'நீக்கு' என்றால் அது பட்டியலிலிருந்து போய்விட வேண்டும். போவதற்கு முன் ஒருமுறை கேட்க வேண்டும். 'நீக்கு' பொத்தான் தொடப்படும்போது என்ன நடக்க வேண்டும் என்னும் கட்டைக்குள் 'ஷோ சூஸ் டயலாக்' கட்டையை வைக்கிறோம். அது ஐந்து விவரங்களைக் கேட்கும். செய்தி, தலைப்பு, முதல் பொத்தானின் சொல், இரண்டாம் பொத்தானின் சொல் ஆகிய நான்கு போக, ஐந்தாவது 'கேன்சலபிள்' என்பது. அதற்கு 'உண்மை' என்று கொடுத்தால் விலகிக்கொள்வதற்கான மூன்றாவது பொத்தான் ஒன்று தானாக வரும். அந்தப் பொத்தானின் சொல்லை நாம் எழுத முடியாது. அதனால் தொடக்கத்தில் 'பொய்' என்று கொடுத்துவிட்டு, நம் இரண்டு பொத்தான்களையும் தெளிவாக எழுதுவது நல்லது.

பொத்தான் வந்துவிட்டது. தொட்டால் என்ன நடக்கும்? ஒன்றும் நடக்காது. பதிலைக் கேட்டு நடப்பதற்கு 'ஆஃப்டர் சூசிங்' என்று இன்னொரு கட்டை வேண்டும். எந்தப் பொத்தான் தொடப்பட்டதோ அதன் சொல்லை 'சாய்ஸ்' என்ற பெயரில் அது நம்மிடம் தரும். அது 'நீக்கு' என்ற சொல்லுக்குச் சமமானால் பெயரை நீக்கு என்று 'இஃப்' கட்டையை உள்ளே பொருத்த வேண்டும். வேலை முடிந்தது.

மாணவர்கள் தடுமாறும் மூன்று இடங்கள்

முடிந்தது என்று சொன்னாலும் மூன்று இடங்களில் பிள்ளைகள் தடுமாறுவார்கள். மூன்றுமே பாடமாக நடத்தத் தக்கவை.

முதல் இடம்: பெட்டியைக் காட்டும் கட்டைக்குக் கீழேயே பெயரை நீக்கும் கட்டையையும் மாட்டிவிடுவார்கள். ஓட்டிப் பார்த்தால் பெட்டி வரும், கேள்வி கேட்கும், 'வேண்டாம்' என்று தொட்டாலும் பெயர் போயிருக்கும். ஏனென்றால் பெட்டியைக் காட்டும் கட்டளை பதிலுக்காகக் காத்திருப்பதில்லை. பெட்டியைத் திறந்துவிட்டு அடுத்த கட்டளைக்குப் போய்விடும். "வெளியே போகலாமா சார்?" என்று கேட்டுக்கொண்டே வராந்தாவில் நிற்கும் பையன் நம் எல்லா வகுப்பிலும் இருக்கிறான் அல்லவா? அவனைச் சொன்னால் வகுப்புக்கு உடனே புரிந்துவிடும். கேட்பது ஓரிடம், பதிலுக்குப் பின் செய்வது வேறோரிடம். இந்த இரண்டையும் பிரித்து எழுதக் கற்பதுதான் இந்தப் பாடத்தின் உயிர்.

இரண்டாம் இடம்: ஒரே நோட்டிஃபையரை இரண்டு கேள்விகளுக்குப் பயன்படுத்துவது. 'நீக்கவா?' என்று ஒரு பெட்டி, 'சேமிக்கவா?' என்று ஒரு பெட்டி. இரண்டுக்கும் 'ஆம்', 'இல்லை' என்றே பொத்தான். பதில்கள் வந்து சேரும் 'ஆஃப்டர் சூசிங்' கட்டையோ ஒன்றே. வந்த 'ஆம்' எந்தக் கேள்விக்கு உரியது என்று அதற்குத் தெரியாது. ஒவ்வொரு கேள்விக்கும் தனித்தனி நோட்டிஃபையர் வைத்தால் இந்தக் குழப்பம் இல்லை.

மூன்றாம் இடம் தமிழில் எழுதுபவர்களுக்கே உரியது. பதில் சொல்லாகத்தான் வருகிறது என்றேன். பொத்தானில் 'தொடர்' என்று எழுதி, 'இஃப்' கட்டையிலும் 'தொடர்' என்று எழுதிச் சரிபார்க்கிறோம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. ஆனால் கணினி "சமமில்லை" என்கிறது. மாணவன் அரைமணி நேரம் தலையைப் பிய்த்துக்கொள்கிறான். காரணம் என்ன? ஒருங்குறியில் 'தொ' என்பதை இரண்டு விதமாக எழுதலாம். தகரத்தோடு ஒகரக் குறியை ஒரே குறியாகச் சேர்ப்பது ஒரு விதம். ஒற்றைக் கொம்பைத் தனியாகவும் துணைக்காலைத் தனியாகவும் சேர்ப்பது இன்னொரு விதம். திரையில் இரண்டும் ஒரே மாதிரி தெரியும். எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும் கணினிக்கு இவை வேறு வேறு சொற்கள். ஒன்றை விசைப்பலகையில் அடித்து, மற்றொன்றை வேறு எங்கிருந்தோ நகலெடுத்து ஒட்டும்போது இது நேரலாம். 'ஔ' என்பதற்குப் பதில் 'ஒ' என்பதையும் 'ள' என்பதையும் அடுத்தடுத்து அடிப்பதும் இதே வகை. சொல்லுக்குப் பின்னால் தெரியாமல் விழுந்த ஓர் இடைவெளியும் போதும்.

இதற்கு மருந்து எளிது. சொல்லை ஒரே ஒரு முறை எழுதி ஒரு மாறியில் வைத்துவிட வேண்டும். பொத்தானுக்கும் அந்த மாறியைக் கொடு. ஒப்பிடும் இடத்திலும் அதே மாறியைக் கொடு. நாளை 'நீக்கு' என்பதைத் தெலுங்கில் மாற்ற நினைத்தாலும் ஓரிடத்தில் மாற்றினால் போதும். மாறி எதற்கு என்று கேட்கும் மாணவனுக்கு இதைவிட நல்ல விடை கிடைக்காது.

மேல்நிலை வகுப்பில் ஜாவா, காட்லின் என்று போகும் மாணவர்களுக்கு ஒரு சொல். ஆண்ட்ராய்டில் இந்தப் பெட்டியின் பெயர் 'அலர்ட் டயலாக்'. அதில் அதிகபட்சம் மூன்று பொத்தான்கள்: பாசிடிவ், நெகடிவ், நியூட்ரல். ஒவ்வொரு வகையிலும் ஒன்றுதான். பாசிடிவ் பொத்தானை இரண்டு முறை அமைத்தால் இரண்டாவது முதலாவதை அழித்துவிடும். மூன்றுக்கு மேல் விடை வேண்டுமென்றால் பொத்தானை விட்டுவிட்டுப் பட்டியல் முறைக்குப் போக வேண்டும். இன்னொன்று: பெட்டிக்கு வெளியே தொட்டாலோ, பின்செல்லும் விசையை அழுத்தினாலோ எந்தப் பொத்தானும் தொடப்படாமலே பெட்டி மூடலாம். பதில் சொல்லாமல் எழுந்து போனவர் சம்மதித்தார் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அதை 'வேண்டாம்' என்றே நிரல் கொள்ள வேண்டும்.

நன்னூல் சொல்லும் விடைகள்

இனி தமிழாசிரியர்கள் பக்கம் வருகிறேன். பவணந்தி முனிவர் நன்னூலில் வினா ஆறு என்றும் விடை எட்டு என்றும் வகுத்ததைப் பத்தாம் வகுப்பில் நடத்துகிறோம். சுட்டு, மறை, நேர், ஏவல், வினா எதிர் வினாதல், உற்றது உரைத்தல், உறுவது கூறல், இனமொழி. இந்த எட்டையும் மனப்பாடமாகச் சொல்லும் மாணவனிடம் ஒரு கைப்பேசிப் பெட்டியைக் காட்டி, "இந்தப் பொத்தான் எந்த வகை விடை?" என்று கேட்டுப் பாருங்கள்.

'பெயரை நீக்கவா?' என்ற கேள்விக்கு 'நீக்கு' என்பது நேர்விடை. 'நீக்க வேண்டாம்' என்பது மறைவிடை. 'வேறு பிரிவுக்கு மாற்று' என்று மூன்றாவது பொத்தான் வைத்தால் அது கேட்டதற்கு இனமான வேறொன்றைச் சொல்லும் இனமொழி விடை. ஆண்ட்ராய்டின் பாசிடிவ், நெகடிவ், நியூட்ரல் மூன்றும் வந்துவிட்டன. பதின்மூன்றாம் நூற்றாண்டு இலக்கண நூலை வைத்து இன்றைய செயலியை அலகிட்டுப் பார்க்கலாம். இலக்கணம் தேர்வுக்கு மட்டும் உரியதில்லை என்று பிள்ளைகளுக்குத் தெரிவிக்க இதுவும் ஒரு வழி.

நம் மொழியின் இயல்பையும் கவனியுங்கள். "சாப்பிட்டாயா?" என்று கேட்டால் நாம் "ஆம்" என்றா சொல்கிறோம்? "சாப்பிட்டேன்" என்கிறோம். கேள்வியில் உள்ள வினையையே விடையிலும் வைக்கிறோம். பொத்தானும் அப்படித்தான் பேச வேண்டும். 'அனுப்பவா?' என்றால் 'அனுப்பு'. 'சேமிக்கவா?' என்றால் 'சேமி'. வெறும் 'சரி' என்ற பொத்தானில் எது சரி என்பது இல்லை. கேள்வியைப் படிக்காமல் பொத்தானை மட்டும் பார்ப்பவருக்கும், அதாவது நம் எல்லாருக்கும், வினைச்சொல்தான் காப்பு.

'சரி' குழப்பும் இடத்தை ஒரு எடுத்துக்காட்டில் பாருங்கள். 'பதிவை ரத்து செய்யவா?' என்று பெட்டி கேட்கிறது. கீழே 'சரி', 'ரத்து' என்று இரண்டு பொத்தான். எதைத் தொட்டால் பதிவு ரத்தாகும்? 'ரத்து' என்பது பதிவை ரத்து செய்வதா, ரத்து செய்யும் எண்ணத்தையே ரத்து செய்வதா? இந்த அறையில் கை தூக்கச் சொன்னால் பாதிப் பேர் ஒரு பக்கம், பாதிப் பேர் மறுபக்கம் நிற்போம். 'பதிவை நீக்கு', 'பதிவு இருக்கட்டும்' என்று எழுதிவிட்டால் கையே தூக்க வேண்டியதில்லை.

ஒரு சொல் செய்யும் வேலைக்கு உலகத்திலிருந்தும் ஒரு கதை. 1983-இல் ஆப்பிள் நிறுவனம் லிசா என்ற கணினியை வெளியிட்டது. அதை உருவாக்கும்போது, ஒப்புதல் பொத்தானில் 'டூ இட்', அதாவது 'அதைச் செய்', என்று எழுதியிருந்தார்கள். சோதித்துப் பார்க்க வந்தவர்கள் அந்தப் பொத்தானைத் தொடத் தயங்கினார்கள். காரணம் விளங்கவில்லை. கேட்டபோதுதான் தெரிந்தது: இரு சொல்லுக்கும் நடுவே இடைவெளி குறைவாக இருந்ததால் அது 'டோல்ட்' என்று படிக்கப்பட்டது. ஆங்கிலத்தில் அதற்கு மடையன் என்று பொருள். கணினி தன்னைத் திட்டுகிறது என்று எண்ணியிருக்கிறார் பயன்படுத்தியவர். அதன்பிறகே அங்கே 'ஓகே' வந்தது. எழுதியவர் கண்ணுக்குத் தெரியாத பிழை படிப்பவர் கண்ணில்தான் தெரியும். மாணவர்கள் செய்த செயலியை அடுத்த வகுப்பு மாணவர் கையில் கொடுத்துப் பார்க்க வேண்டும் என்பதற்கு இது போதும்.

எந்தப் பொத்தான் எளிதாக இருக்க வேண்டும்?

தேர்தல் பணிக்குப் போகாதவர் நம்மில் குறைவு. தேர்தல் பயிற்சியில் 'சி.ஆர்.சி.' என்று சொல்லிக் கொடுப்பார்கள். நமக்குச் சி.ஆர்.சி. என்றால் இந்தக் குறுவள மையம். அங்கே குளோஸ், ரிசல்ட், கிளியர். மாதிரி வாக்குப்பதிவு முடிந்ததும் இந்த வரிசையில் அழுத்தி, பதிந்ததை அழித்த பிறகே உண்மையான வாக்குப்பதிவு. அந்தக் கட்டுப்பாட்டுக் கருவியை நினைத்துப் பாருங்கள். ஒவ்வொரு வாக்காளருக்கும் அழுத்த வேண்டிய 'பேலட்' பொத்தான் கைக்கு எட்டும் இடத்தில் பெரிதாக இருக்கிறது. வாக்குப்பதிவை முடிக்கும் 'குளோஸ்' பொத்தானுக்கு மேல் ஒரு மூடி. எல்லாவற்றையும் அழிக்கும் 'கிளியர்' பொத்தான் உள் அறைக்குள், அந்த அறைக்குக் கதவு, கதவுக்கு முத்திரை. அடிக்கடி வேண்டியது எளிது. மீட்க முடியாதது கடினம். பொத்தான் அமைப்பதன் முழு இலக்கணமும் இதில் இருக்கிறது.

இதற்கு மாறாக நடந்ததையும் சொல்ல வேண்டும். 13.1.2018 அன்று காலை, அமெரிக்காவின் ஹவாய் தீவுகளில் இருந்தவர்களின் கைப்பேசிகளில் "ஏவுகணை வருகிறது, பாதுகாப்பிடம் தேடுங்கள்" என்ற எச்சரிக்கை வந்தது. அது பயிற்சி நேரத்தில் தவறுதலாகப் போன உண்மை எச்சரிக்கை. தவறு என்ற மறுசெய்தி போய்ச் சேர 38 நிமிடங்கள் ஆயின. பின்னர் நடந்த அரசு விசாரணையில் பல குறைகள் தெரியவந்தன. அவற்றில் ஒன்று நம் தலைப்பைச் சேர்ந்தது. அனுப்புவதற்கு முன் உறுதி கேட்கும் பெட்டி இருந்தது. ஆனால் சோதனைச் செய்தியானாலும் உண்மைச் செய்தியானாலும் அது ஒரே வாசகத்தைத்தான் காட்டியது. எதை அனுப்பப் போகிறோம் என்பதைச் சொல்லாத கேள்விக்கு நிதானமாகப் பதில் சொல்வது எப்படி? 'நீக்கவா?' என்பதைவிட '6-ஆம் வகுப்பு ஆ பிரிவிலிருந்து இந்த மாணவியின் பெயரை நீக்கவா?' என்பது ஏன் நல்லது என்று இப்போது விளங்கும்.

அதற்காக எல்லாவற்றுக்கும் பெட்டி வைத்துவிடவும் கூடாது. 'புலி வருது' கதைதான். தொட்டதற்கெல்லாம் "உறுதியா?" என்று கேட்டால் பத்தாவது முறை யாரும் படிப்பதில்லை, விரல் தானாகப் பொத்தானைத் தேடிப் போய்விடும். திரும்பப் பெறக்கூடிய செயலுக்குக் கேள்வி வேண்டாம். செய்துவிட்டு 'மீட்டெடு' என்று ஒரு பொத்தானைச் சில நொடிகள் காட்டினால் போதும். திரும்பப் பெற முடியாததற்கு மட்டும் கேளுங்கள்.

அளவைப் பற்றியும் ஒரு வரி. தொடும் இடம் ஏறத்தாழ 9 மில்லிமீட்டராவது இருக்க வேண்டும் என்பது ஆண்ட்ராய்டின் பரிந்துரை. கணக்கு வகுப்பில் அளவுகோலைக் கொடுத்து அளக்கச் சொல்லுங்கள். 'நீக்கு' பொத்தானும் 'வேண்டாம்' பொத்தானும் ஒட்டிக்கொண்டிருக்கின்றனவா, இடைவெளி உண்டா என்பதையும் அளக்கட்டும்.

நம் ஊரில் இது ஏன் பெரிய செய்தி?

இதுவரை பொத்தான் செய்வதைப் பேசினோம். இனி பொத்தானைத் தொடும் விரலைப் பற்றிப் பேச வேண்டும்.

புதுவாயலுக்கு இந்தப் பக்கம் கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டை. ஆந்திர எல்லை கூப்பிடு தூரம். வீட்டில் தெலுங்கு பேசும் பிள்ளைகள் எப்போதும் நம் வகுப்பில் உண்டு. ஆலை வேலைக்கும் செங்கல் சூளைக்கும் வந்த குடும்பங்களின் பிள்ளைகள் இந்தியும் ஒடியாவும் பேசிக்கொண்டு வருகிறார்கள். இந்த வீடுகள் பலவற்றில் பள்ளிக்குப் போகும் குழந்தைதான் வீட்டின் முதல் வாசகர். மின் கட்டணச் செய்தியைப் படிப்பது, வங்கிக் குறுஞ்செய்தியைப் படிப்பது எல்லாம் அந்தக் குழந்தை. பெட்டி ஒன்று திரையில் முளைத்தால் அப்பா கைப்பேசியை ஏழாம் வகுப்புப் பிள்ளையிடம்தான் நீட்டுகிறார். "என்னம்மா கேக்குது, பாரு." பிள்ளை 'அலோ' என்பதைத் தொட்டுவிடுகிறது. தொட்டால்தானே பெட்டி போகும்?

அந்த ஒரு தொடுகையில் என்ன போகிறது என்று பாருங்கள். 2015-இல் வந்த ஆண்ட்ராய்டு 6 முதல், ஒரு செயலி நம் தொடர்பு எண்களையோ, கேமராவையோ, இருப்பிடத்தையோ எடுத்துக்கொள்ள வேண்டுமானால் பெட்டி வைத்துக் கேட்டாக வேண்டும். 2020-இல் வந்த ஆண்ட்ராய்டு 11-இல் கேமரா, ஒலிவாங்கி, இருப்பிடம் ஆகியவற்றுக்கு 'இந்த முறை மட்டும்' என்ற விடையும் சேர்ந்தது. ஆக, காப்பு முழுவதும் அந்தப் பெட்டியில்தான் இருக்கிறது. உடனடிக் கடன் தருவதாகச் சொல்லும் சில செயலிகள் தொடர்பு எண்களை எடுத்துக்கொண்டு, தவணை தவறியவரின் உறவினர்களுக்கும் உடன் வேலை செய்பவர்களுக்கும் போன் செய்து அவமானப்படுத்திய செய்திகளை நாம் நாளிதழ்களில் படித்திருக்கிறோம். இந்தியாவில் அதனால் உயிர்களே போயிருக்கின்றன. 2022 செப்டம்பரில் இந்திய ரிசர்வ் வங்கி வழிகாட்டு நெறிமுறை வெளியிட்டது. வங்கிகளும் நிதி நிறுவனங்களும் நடத்தும் கடன் செயலிகள் கைப்பேசியில் உள்ள கோப்புகளையும் தொடர்பு எண்களையும் அழைப்புப் பதிவுகளையும் எடுக்கக் கூடாது என்று அதில் சொல்லப்பட்டுள்ளது. சட்டத்தை மதிக்காத செயலிக்கு முன்னால் நிற்கும் கடைசிக் காவல், பெட்டியைப் படித்துப் பார்க்கும் ஒரு குழந்தை.

பெட்டியும் நேர்மையாகவே பேசும் என்று சொல்ல முடியாது. 'ஏற்கிறேன்' என்பது பளிச்சென்ற பெரிய பொத்தான். 'மறுக்கிறேன்' என்பது மூலையில் வெளிறிய எழுத்து. சில பெட்டிகளில் 'இப்போது', 'பிறகு' என்ற இரண்டு மட்டும் இருக்கும், 'வேண்டாம்' இருக்காது. சிலவற்றில் 'வேண்டாம், என் பிள்ளையின் படிப்பில் எனக்கு அக்கறை இல்லை' என்ற பாணியில் மறுக்கும் பொத்தானே மறுப்பவரைக் குத்திக்காட்டும். நன்னூலார் வகுத்த மறைவிடையை இவர்கள் பெட்டியிலிருந்தே எடுத்துவிடுகிறார்கள். இவற்றுக்கு ஆங்கிலத்தில் 'டார்க் பேட்டர்ன்' என்று பெயர். ஏய்ப்பு வடிவமைப்பு என்று சொல்லலாம். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதலில் இப்படிப்பட்ட 13 வகைகளைப் பட்டியலிட்டுத் தடை செய்திருக்கிறது. குத்திக்காட்டிச் சம்மதிக்க வைப்பது, குழப்பமான கேள்வி கேட்பது, ஓயாமல் நச்சரிப்பது எல்லாம் அந்தப் பட்டியலில் உள்ளன.

ஒரு பெட்டியைத் தானே செய்து பார்த்த குழந்தைக்கு இந்த ஏய்ப்பு தெரியும். "இந்தப் பொத்தானை வேண்டுமென்றே சின்னதாக வைத்திருக்கிறார்கள்" என்று அது சொல்லும். ஏனென்றால் பெரிதாக வைப்பதும் சின்னதாக வைப்பதும் ஒருவர் எடுத்த முடிவு என்று அதற்குத் தெரியும். எல்லாரும் மென்பொருள் பொறியாளர் ஆகப்போவதில்லை. பொத்தான் செய்யக் கற்றுக்கொடுப்பதன் பயன் இதுதான் என்று நான் நினைக்கிறேன்.

கணினி இல்லாத வகுப்பிலும் செய்யலாம்

தொடக்கப் பள்ளியிலேயே தொடங்கலாம். எண்ணும் எழுத்தும் திட்டம் 2022 ஜூனில் நம் திருவள்ளூர் மாவட்டத்து அழிஞ்சிவாக்கத்தில்தான் தொடங்கப்பட்டது. அதன் அரும்பு, மொட்டு, மலர் நிலைகளையே இதற்கும் வைத்துக்கொள்ளுங்கள். அட்டையில் பெட்டி வரைந்து, பொத்தான்களைத் தனி அட்டையாக வெட்டிக்கொள்ள வேண்டும். ஒரு குழந்தை பெட்டியாக நின்று கேள்வி கேட்கட்டும். இன்னொரு குழந்தை பொத்தானைத் தேர்ந்தெடுக்கட்டும். அரும்பு நிலைக்குப் படப் பொத்தான்: தண்ணீர் குடிக்கும் படம், குடிக்காத படம். மொட்டு நிலைக்கு ஒற்றைச் சொல்: 'குடி', 'வேண்டாம்'. மலர் நிலைக் குழந்தை கேள்வியையும் தானே எழுதட்டும். வீட்டில் தெலுங்கோ ஒடியாவோ பேசும் குழந்தை தன் மொழியில் அந்தச் சொல்லைச் சொல்ல, மற்றவர்கள் திருப்பிச் சொல்லட்டும். ஒரே பொத்தானுக்கு நான்கு மொழி கிடைத்துவிடும். மொழி தெரியாத குழந்தையும் அந்த வகுப்பில் ஆசிரியராக நிற்கும்.

ஆறு முதல் எட்டு வரை: கரும்பலகையில் 'ரத்து செய்யவா?' பெட்டியை வரைந்து திருத்தச் சொல்லுங்கள். ஒரு பாடவேளை போதும். ஒன்பது, பத்து: நன்னூல் விடை வகையும் ஏய்ப்புப் பொத்தானைக் கண்டுபிடிப்பதும். ஆய்வகம் உள்ள பள்ளிகளில் ஆப் இன்வென்டர். அங்கே ஒரே ஒரு எச்சரிக்கை. பயிற்சிச் செயலியில் மாணவர்களின் உண்மையான பெயர், கைப்பேசி எண், ஆதார் எண் எதையும் இட வேண்டாம்; மரங்களின் பெயர், பறவைகளின் பெயர் போதும். 2023-இல் இயற்றப்பட்ட எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்கு உட்பட்டவர்களைக் குழந்தைகள் என்றே கொள்கிறது. அவர்கள் தரவைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதலைக் கேட்கிறது.

நாமும் நாள்தோறும் செயலிகளில் பொத்தான்களைத் தொட்டுக்கொண்டே இருக்கிறோம். வருகை, மதிப்பீடு, மாற்றுச் சான்றிதழ் என்று ஒவ்வொரு தொடுகைக்குப் பின்னாலும் ஒரு குழந்தையின் பெயர் இருக்கிறது. சூளை வேலை முடிந்து ஊருக்குப் போன குடும்பத்தின் பிள்ளை அடுத்த பருவத்தில் திரும்பி வரும்போது பட்டியலில் அதன் பெயர் இருக்க வேண்டும். பெட்டி கேட்பதை ஒரு நொடி நின்று படிப்போம். வாசகம் குழப்பமாக இருந்தால் அதையும் எழுதிக் கேட்போம். எந்தச் சொல் இருந்தால் தெளிவாக இருக்கும் என்று நாமே எழுதிக் கொடுப்போம். சொல்லைத் திருத்துவது நம் தொழில்தானே?

அடுத்த மாதக் கூட்டத்துக்கு ஒவ்வொருவரும் உங்கள் மாணவர்கள் திருத்தி எழுதிய ஒரு பெட்டியைக் கொண்டு வாருங்கள். அட்டையில் இருந்தாலும் சரி, கைப்பேசியில் இருந்தாலும் சரி. சுவரில் ஒட்டி வைத்து ஒருவர் பெட்டிக்கு இன்னொருவர் பதில் சொல்லிப் பார்ப்போம்.